மண் தடத்துக்கு அகல டயர்தான் வேண்டுமா?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மண்ணில் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டி ஓட்ட வேண்டுமென்று வண்டி கட்டத் தொடங்கும் தம்பிகள் முதலில் கேட்பது, எந்த பைக் எஞ்சினைப் போடலாம் என்பதைத்தான். டயரைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். அப்போதும், கிடைப்பதிலேயே அகலமானதைப் போட்டுவிட்டால் பிடிப்பு தானாக வந்துவிடும் என்ற ஒரே முடிவோடு நின்றுவிடும். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, இரண்டு மூன்று அகலங்களில் ரிம் வாங்கி வைப்பதுதான் நம் மண்ணுக்குப் பொருத்தமான செலவு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் கட்டிய முதல் கார்ட்டிலிருந்து இன்றுவரை இந்த வண்டியின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. இதற்கு சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் பூட்டப்பட்டிருப்பதால், வளைவில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. ஆகவே, மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது, வளைவில் வண்டியைத் திருப்புவது ஆகிய வேலைகள் சேஸிஸ் என்னும் சட்டத்தின் நெளிவுக்கும் டயருக்கும் வந்துசேர்கின்றன. தார்த்தடத்தில் ஓட்டுபவருக்கு நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே தரை கிடைக்கும். மண்ணில் அப்படிக் கிடைப்பதில்லை.

அதிலும் நம் மண் தனி ரகம். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் களர்நிலத்தைக் காலை ஆறு மணிக்கு மிதித்துப் பாருங்கள். இரவின் ஈரக்காற்றை உப்பு இழுத்து வைத்திருப்பதால் தரை கறுத்து, செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். பதினோரு மணிக்குள் அதே இடம் வெளுத்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, அதன்மேல் மாவுபோன்ற தூசி படிந்து, அடியில் சிமெண்ட் தரையைப்போல் இறுகிவிடும். பிற்பகலில் கடற்காற்று ஏறி, பொழுது சாயும்போது மறுபடியும் கொஞ்சம் பதம் திரும்பும். அமெரிக்க மண் தடங்களில் ஈரம் நிற்க வேண்டுமென்று கால்சியம் குளோரைடு தூவுவார்கள். நமக்கு அந்த வேலையில் ஒரு பங்கைக் கடலே செய்து தந்துவிடுகிறது. மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து உதிரி மணலோ முற்றிலும் வேறு. அங்கே அகலமான டயரும் மிகக் குறைந்த காற்றும் இருந்தால்தான் வண்டி புதையாமல் மேலே மிதந்து போகும்; ஆனால் அதைப் பந்தயத் தடம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிசுபிசுப்பான காலைத் தரையில் அகலமான மென்மையான டயரைப் போட்டால் பிடிப்பு தேவைக்கு மேல் போய்விடும். ஒரே ஆக்சிலில் பூட்டிய இரண்டு பின்சக்கரங்களும் வழுக்க மறுப்பதால் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும், எஞ்சின் திணறும். அப்போது பலர் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை மாற்றப் பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது டயரை: கொஞ்சம் கடினமான ரப்பர், கொஞ்சம் குறுகலான ரிம். நடுப்பகலில் இறுகிய தரையில் இதற்கு நேர்மாறாக, மென்மையான ரப்பரும் தட்டையாகப் படியும் அகலமும் வேண்டும். இறுகிய தரையின்மேல் உதிரித் தூசி கனமாகக் கிடந்தால், தூசியைக் கிழித்து அடித்தரையைத் தொடக்கூடிய வெட்டுகள் உள்ள குறுகலான டயர் நன்றாக வேலை செய்யும். அகல டயர் அந்தத் தூசியின்மேலேயே சறுக்கிக்கொண்டிருக்கும்.

டயரின் அகலம் வேறு, ரிம்மின் அகலம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். டயரில் 11x6.00-6 என்று அச்சிட்டிருந்தால் பதினொன்று வெளிவிட்டம், ஆறு டயரின் அகலம், கடைசி ஆறு ரிம்மின் விட்டம். எல்லாம் அங்குலக் கணக்கு. ரிம்மின் அகலம் இதில் இல்லை; அதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே டயரை அகலமான ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் வெளிப்புறமாக இழுபட்டு விறைக்கும், தரையில் படும் பகுதி தட்டையாகும், சுற்றளவு சற்றுக் குறையும். குறுகலான ரிம்மில் ஏற்றினால் டயர் உருண்டு திரண்டு நிற்கும். வளைவில் பக்கச்சுவர் சாய்ந்து கொடுக்கும், ஓட்டுபவருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆக, அரை அங்குல ரிம் மாற்றம்கூட வண்டியின் குணத்தை மாற்றிவிடும்.

இடப்பக்கமாக மட்டும் சுற்றும் நீள்வட்டத் தடமானால் பின்சக்கரங்களின் சுற்றளவு வித்தியாசம் மிக முக்கியம். இதை ஸ்டேகர் என்பார்கள். வாய் அகன்று அடி குறுகிய டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் அது நேராகப் போகாமல் வட்டமடிக்கும் அல்லவா, அதே தத்துவம்தான். வலப்பின் டயர் ஆறு அங்குல அகலமும், சுற்றளவு சற்றுக் குறைந்த இடப்பின் டயர் ஐந்தரை அங்குல அகலமுமாகப் போடுவது பெரும்பாலும் இதற்காகவே. உள்சக்கரம் 20 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் ஐந்து சதவீதம் கூடுதலாக ஓட வேண்டும். பதினொரு அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ முப்பத்து நான்கரை அங்குலம். அதில் ஐந்து சதவீதம் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நேரோட்டத்தில் இந்த வித்தியாசம் வண்டியை இடப்பக்கம் இழுத்து வேகத்தைத் தின்னும் என்பதால், ஓர் அங்குலத்தில் தொடங்கி மேலே போவதே நல்லது. இருபக்கமும் திரும்பும் தடமானால் இதற்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சுற்றளவு வேண்டும்.

இந்த அளவுகள் எல்லாம் காற்றைப் பொறுத்தவை. இந்த வண்டிகளின் டயரில் பெரும்பாலும் பத்து பிஎஸ்ஐயை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் காற்று இருக்கும். முப்பது டிகிரியில் எட்டு பிஎஸ்ஐ அடைத்த டயர் ஓடி ஓடி அறுபது டிகிரிக்குச் சூடேறினால் பத்தைத் தாண்டிவிடும். பங்க்கில் லாரிக்கும் பைக்குக்கும் காற்று அடிக்கும் மீட்டரில் இந்த நுணுக்கம் தெரியாது. பதினைந்துக்குள் காட்டும் சிறிய கேஜ் ஒன்று அவசியம். காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் பிடிக்கும் போல்ட்டு உள்ள ரிம்மைத்தான் வாங்க வேண்டும்; இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் விலக்கல்ல என்பதால், ஓட்டத்துக்கு முன் தடத்தைக் கூட்டிப் பொறுக்குவதும் டயர் வேலையில் சேர்த்திதான்.

முதலில் நீங்கள் ஓட்டப்போகும் நிலத்தைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நடந்து பாருங்கள். அதன்பிறகு பின்பக்கத்துக்கு எட்டு அங்குல அகலத்தில் ஒரு ஜோடியும் அதைவிட ஓர் அங்குலம் குறைவாக ஒரு ஜோடியும் ரிம் வாங்குங்கள். முன்பக்கத்துக்கு ஆறு அங்குல அகலம் போதும். ரிம்மை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டப்போகும் அளவுக்குக் காற்றடைத்து, டயரின் நடுவில் டேப்பைச் சுற்றி அளந்து, அந்த அளவை நேரத்தோடும் தரையின் பதத்தோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எஞ்சினைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.