மொரீஷியஸ் லீக்: தீவின் கோபத்துக்கெல்லாம் கால்பந்து மட்டும் கட்டிய அபராதம்

மொரீஷியஸில் ‘தமிழ் கேடட்ஸ்’ என்று ஒரு கால்பந்து அணி இருந்தது தெரியுமா, பெருமையோடு பகிருங்கள் என்று ஒரு பதிவு கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு அணி இருந்தது உண்மைதான். ஆனால் பெருமைப்பட்டுவிட்டு அப்படியே நகர்ந்துபோகிற விஷயம் இல்லை இது. அந்த அணி ஆடிய லீக் என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேலைக்காகக் கொஞ்ச காலம் அந்தத் தீவில் இருந்தவன் நான், அங்கே லீக் ஆட்டங்களை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன், இன்றைக்கும் ஸ்கோர் தேடிப் பார்ப்பவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தப் பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை 12 லட்சம் சொச்சம். அவ்வளவுதான் நாடு. அங்கே 1935லிருந்து லீக் நடக்கிறது. நம்மூரில் பல பேருக்கு அந்த நாட்டில் கால்பந்து ஆடுவார்கள் என்பதே தெரியாது, ஆனால் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மைதானம் நிரம்பி வழிந்த ஊர் அது. நிரம்பியதற்குக் காரணம் ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் ஒரு சமூகம் நின்றதுதான். சர்க்கரைத் தோட்ட முதலாளிகளான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு டோடோ கிளப், கலப்பினத்தாருக்கு ரேசிங் கிளப், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் ஸ்கவுட்ஸ், வட இந்திய வம்சாவளியினருக்கு இந்து கேடட்ஸ், நம் ஆட்களுக்குத் தமிழ் கேடட்ஸ், சீனர்களுக்கும் ஒன்று. ஃபயர் பிரிகேட் தீயணைப்புத் துறையின் அணி, அதைத் தன் அணியாகக் கொண்டாடியது கிரியோல் மக்கள், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஆடுகிறவர்கள் கலந்துதான் இருந்தார்கள். நல்ல ஸ்டிரைக்கர் கிடைத்தால் அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று எந்த கிளப்பும் கேட்கவில்லை. பிரிந்து உட்கார்ந்தது பார்க்க வந்தவர்கள்தான்.

அந்த லீக் வளர்த்த ஆட்டக்காரர்கள்தான் 1974ல் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை வரைக்கும் போனார்கள். மூன்று ஆட்டமும் தோல்விதான், ஆனாலும் அதற்கு முன்னும் சரி பின்னும் சரி மொரீஷியஸ் அந்தக் கோப்பையில் ஆடியதே இல்லை. 1985ல் இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1992ல் ஃபிஃபா தரவரிசையில் 112ஆம் இடம். இப்போது 170ஐத் தாண்டிக் கிடக்கிறது.

80களில் அரசு முதல் வைத்தியத்தைச் செய்தது. கிளப் பெயரில் மதமோ இனமோ இருக்கக் கூடாது. முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் கிளப் ஆனது, இந்து கேடட்ஸ் வெறும் கேடட்ஸ் ஆனது, தமிழ் கேடட்ஸ் சன்ரைஸ் ஆனது. பலகையில் பெயர் மாறியது, அந்தந்தக் கூட்டம் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சன்ரைஸ் ஆன பிறகுதான் அந்த அணி வரிசையாகப் பட்டங்கள் ஜெயித்தது, அதையும் இந்தப் பெருமைப் பதிவில் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் 1999 வருகிறது. அந்த ஆண்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஆறு மாதம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். 1998 நவம்பரில் புதிய ரூபாய் நோட்டுகள் வந்தன. வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி என்று இருந்த மொழி வரிசை அதில் இந்தி முதலில், தமிழ் அடுத்து என்று மாறியிருந்தது. தமிழர்கள் கொதித்துப் போனார்கள், கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1999 பிப்ரவரியில் காயா என்ற செகே (தீவின் செகா இசையும் ரெகேயும் கலந்தது) பாடகர், கிரியோல் மக்களின் செல்லப்பிள்ளை, போலீஸ் காவலில் இறந்துபோனார். தீவு நாள்கணக்கில் எரிந்தது. சுதந்திரம் வாங்கி 30 ஆண்டில் அப்படி ஒரு கலவரத்தை ஒரு தலைமுறையே பார்த்ததில்லை. இவ்வளவு கசப்பும் மேலே மிதந்துகொண்டிருந்தபோதுதான் மே 23ஆம் தேதி வந்தது. பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம். ஸ்கவுட்ஸ் கிளப்புக்கும் ஃபயர் பிரிகேடுக்கும், அதாவது முஸ்லிம்கள் கொண்டாடும் அணிக்கும் கிரியோல் மக்கள் கொண்டாடும் அணிக்கும். இடம் பெல்வ்யூவில் உள்ள அஞ்சலை மைதானம்.

அந்த மைதானத்தின் பெயரைப் பார்த்தவுடனே நமக்குப் பிடிபட்டுவிடும். அஞ்சலை கூப்பன் என்ற தமிழ்க் கூலிப்பெண். 1943 செப்டம்பரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் சுட்டதில் இறந்தவர், அப்போது அவர் கர்ப்பிணி. தீவின் தொழிலாளர் வரலாற்றில் எல்லாச் சமூகத்தாரும் மதிக்கிற பெயர் அது.

ஃபயர் பிரிகேட் ஜெயித்தது. தோற்ற அணியின் ரசிகர்களில் ஒரு கூட்டம் மைதானத்தில் ஆரம்பித்த ஆத்திரத்தைத் தலைநகர் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனது. இரவில் போர்ட் லூயிஸ் சைனாடவுனில் லாமிகால் என்ற சூதாட்ட விடுதி கொளுத்தப்பட்டது. உள்ளே இருந்த 7 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் உண்டு, கர்ப்பிணி ஒருவரும் உண்டு. கால்பந்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு 4 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, தீ வைத்தது அவர்கள்தானா என்ற வழக்காடல் அந்தத் தீவில் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை.

லீக் நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் நிறுத்தியது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, 7 உயிர் போன பிறகு அடுத்த ஞாயிறு பந்தை எடுத்துக்கொண்டு போய் ஆட முடியாது. என் சண்டை அதற்கு அடுத்து நடந்ததோடுதான். மறுபடி லீக் தொடங்கியபோது பழைய கிளப் எதுவும் பழையபடி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் ஊர்வாரி, வட்டாரவாரி கிளப்கள். ஸ்கவுட்ஸ், கேடட்ஸ், சன்ரைஸ், ஃபயர் பிரிகேட் எல்லாம் அதோடு போயிற்று. ஃபயர் பிரிகேட் மட்டும் 13 முறை பட்டம் வென்ற கிளப், அதைவிட அதிகம் வென்றவர் அந்த நாட்டில் யாரும் கிடையாது. பதிலுக்கு பாம்பிள்மூஸ், போர்ட் லூயிஸ் 2000 என்று அணிகள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை. ஊர்ப்பெயரில் அணி இருந்தால் எல்லாச் சமூகமும் சேர்ந்து கைதட்டும் என்ற கணக்கு. கூட்டம் வரவே இல்லை. அப்பாவும் தாத்தாவும் கத்திய கிளப் போய்விட்டது, புதிதாக வந்ததோடு யாருக்கும் ஒட்டுதல் இல்லை. வெறுப்பைத் தனியாக உருவி எடுக்கத் தெரியவில்லை, பாசத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் ‘பெஸ்ட் லூசர்’ என்று ஒரு முறை இருக்கிறது. தேர்தலில் தோற்றவர்களில் 8 பேருக்கு வரை சமூகக் கணக்குப் பார்த்து இடம் கொடுப்பார்கள். இந்து, முஸ்லிம், சீனர், மற்றவர்கள் எல்லாரும் ‘பொது மக்கள்’ என்று நான்கு பெட்டி, தமிழர்களும் இந்துப் பெட்டியில்தான். அந்தக் கணக்குக்கு ஆதாரம் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு! இன்றைக்கும் அரசியலமைப்பில் இருக்கிறது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்பதற்காக வைத்தது, அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மதச் சங்கங்களுக்கு அரசு மானியமும் உண்டு. அதாவது தேர்தலில் சமூகம் பார்க்கலாம், மானியத்தில் பார்க்கலாம், பந்து விளையாடும் இடத்தில் மட்டும் ஒரே நாளில் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். ரூபாய் நோட்டில் கிளம்பிய கோபத்துக்கும் சரி, காவலில் ஒருவர் செத்துப்போன கோபத்துக்கும் சரி, கால்பந்தா பொறுப்பு? அந்த ஆண்டில் சமூகங்களுக்கிடையே இருந்த பிளவைக் காட்டிக்கொடுத்தது ஆட்டம்தான், ஆனால் பிளவை உண்டாக்கியது ஆட்டம் இல்லை. தண்டனை மட்டும் அதற்குக் கிடைத்தது.

‘அப்போ அந்த சாதி-மத அணிகள் திரும்பி வரணும்னு சொல்றியா?’ என்று கமெண்டில் வரும் என்று தெரியும். இல்லை. எனக்குத் தமிழ் கேடட்ஸ் திரும்ப வேண்டாம். சன்ரைஸ் என்ற பெயரோடும் அந்தப் பட்டங்களோடும் அந்த கிளப்பை ஃபிளாக் மாவட்டத்தில் உட்காரவைத்து, அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதவைத் திறந்து, பத்துப் பதினைந்து ஆண்டு பொறுமையாக இருந்திருக்கலாம். ஃபயர் பிரிகேடை அதே பெயரில் தலைநகரின் அணியாக ஆக்கியிருக்கலாம். தீயணைப்புத் துறை எந்தச் சமூகத்துக்கும் சொந்தம் இல்லையே.

கியூர்பிப்பில் ஜார்ஜ் ஃபைவ் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம். மேட்டு நிலம், எப்போது பார்த்தாலும் தூறல் விழுகிற ஊர். என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் அலுவலகத்தில் வண்டி ஓட்டிய பெரியவர். தோந்தோன் என்றுதான் கூப்பிடுவோம், அங்கே மாமா என்கிற அர்த்தத்தில் எல்லாப் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காவடித் திருநாளுக்கு விரதம் இருப்பவர், வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, தமிழில் தேவாரம் மட்டும் தெரியும். ஆயிரக்கணக்கில் உட்காரக்கூடிய இடத்தில் நாங்கள் நூறு பேர்கூட இருந்திருக்க மாட்டோம். கோல்கீப்பர் தன் டிஃபெண்டர்களைத் திட்டுவது மேல் படி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. தோந்தோன் நம்மூர்ப் பருப்பு வடை போலவே இருக்கும் காட்டோ பிமாவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், அதைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, சின்ன வயதில் தன் அப்பா தோளில் உட்கார்ந்து தமிழ் கேடட்ஸ் ஆட்டம் பார்த்ததைச் சொன்னார். எதிரே யார் ஆடினாலும் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் அதே ஆட்களோடுதான் மறுநாள் கரும்பு ஆலைக்கு வேலைக்குப் போவோம் என்றார். ‘இப்போ ஏன் தோந்தோன் யாரும் வர்றதில்ல?’ என்று கேட்டேன். ‘யாருக்காகக் கத்துறது?’ என்று திருப்பிக் கேட்டார். ஆட்டம் முடிந்து கோல் போட்ட பையன் ஈர ஜெர்ஸியோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான், மறுநாள் காலை அவனுக்கு வேலை இருக்கிறது. அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் நிலைமை அதுதான். 2014ல் பிரீமியர் லீக் என்று பெயர் வைத்து ஓரளவு சம்பளம் கொடுக்கும் முறை கொண்டுவந்தார்கள், பந்தை மட்டும் நம்பிப் பிழைக்கும் அளவுக்கு அது வரவில்லை.

அதே நாட்டில் லிவர்பூல் - மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் என்றால் பார்க்க வேண்டுமே! தெருவில் ஆள் இருக்காது, ஜெயித்த பக்கம் கொடியோடு ஊர்வலம் போகும், தோற்றவன் ஒரு வாரம் அலுவலகத்தில் தலை காட்ட மாட்டான். இது தப்பு என்று சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறவன். சொந்த அணிகளுக்காகக் கத்திய தொண்டைதான் அது, கத்துவதற்கு வேறு இடம் தேடிக்கொண்டது. லிவர்பூலுக்குக் கத்தினால் நீ எந்தச் சமூகம் என்று யாரும் கேட்கப்போவதில்லை, அந்த நிம்மதியும் அதில் இருக்கிறது. ஆனால் 2020ல் அரசே லிவர்பூல் கிளப்போடு சுற்றுலா, முதலீட்டு விளம்பர ஒப்பந்தம் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. நாட்டுக்கு விளம்பரம் வேண்டும், சரி. ஆனால் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் தீவின் பெயரை ஓடவிடப் பணம் இருந்த அரசுக்கு, கியூர்பிப்பில் அந்தப் பையனுக்கு முழு நேரச் சம்பளம் கொடுக்கும் ஒரு லீக்கை நடத்த முடியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

நம்பிக்கை தருகிற பக்கமும் உண்டு. செர்க்கிள் தெ ஜோவாக்கிம் என்று ஒரு கிளப், கியூர்பிப்பில் ஒரு பேட்டையின் பெயரைச் சுமக்கிற அணி. பல முறை சாம்பியன். லா கியூர் சில்வெஸ்டர், தலைநகரை ஒட்டிய குடியிருப்பிலிருந்து வந்த அணி. இவற்றைத் திட்டம் போட்டு எந்த அதிகாரியும் உருவாக்கவில்லை, தெருவில் ஆடியவர்கள் சேர்ந்து மேலே வந்தவை. அந்தப் பேட்டையில் எல்லாச் சமூகமும் பக்கத்துப் பக்கத்து வீடு, அதனால் அணியும் தானாகவே எல்லாருடையதாக இருக்கிறது. வட்டாரக் கிளப் என்று அரசு ஆசைப்பட்டது இதைத்தான், ஆனால் இது கீழேயிருந்து முளைக்க வேண்டிய விஷயம். அப்படி முளைத்ததற்கு மைதானம், பயிற்சியாளர், பள்ளியோடு தொடர்பு என்று உதவி செய்தால் போதும்.

இன்னொன்று ரொம்பச் சின்ன விஷயம், நேரம். மொரீஷியஸ் கடிகாரம் இங்கிலாந்தைவிட 3 அல்லது 4 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் இங்கிலாந்தில் மதியம் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டங்கள் மொரீஷியஸில் சரியாகச் சாயங்காலமும் இரவும் வந்து விழும். சனி, ஞாயிறு மாலையில் உள்ளூர் ஆட்டம் வைத்தால் டிவியை விட்டு யார் எழுந்து வருவார்கள்? வெள்ளிக்கிழமை இரவை உள்ளூர் லீக்குக்கு ஒதுக்கி, விளக்கு போட்டு, அரசுத் தொலைக்காட்சியில் வாராவாரம் ஒரு ஆட்டத்தை நேரடியாகக் காட்டட்டும். 2003ல் சொந்த மண்ணில் தீவு விளையாட்டுத் தங்கத்தை வென்ற நாடு அது, லாமிகால் நடந்து நாலே வருஷத்தில். ஒரே சட்டைக்காக எல்லாரும் சேர்ந்து கத்தத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

நம்மூரிலிருந்து வருஷா வருஷம் அவ்வளவு பேர் ஹனிமூன் பேக்கேஜில் அங்கே போகிறீர்கள். ஏழு வண்ண மண்ணும் கடற்கரையும் பார்த்தது போக ஒரு மாலை மிச்சம் இருந்தால், ஹோட்டலில் விசாரித்து லீக் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். கியூர்பிப் என்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.