கம்பஸ் பார்க்க வந்த நண்பனும் மாவட்டக் கோட்டாவும்

இலங்கையில் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கிற மாவட்டக் கோட்டாவைக் கைவிடவே கூடாது என்பதுதான் என் கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியை வாசித்துவிட்டு, "பார்த்தீர்களா, மட்டக்களப்புப் பெடியனே கோட்டா பிழை என்கிறான்" என்று யாராவது ஷெயார் பண்ணுவார்கள்.

போன வாரம் கொழும்பிலிருந்து நண்பன் ஒருவன் வந்திருந்தான். சின்ன வயதில் கல்லடியில் ஒரே ஒழுங்கை. அவனுடைய அப்பாவுக்கு இடமாற்றம் வந்து குடும்பமாகப் போய்விட்டார்கள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) அங்கேதான் எழுதினான். இரண்டு பேரும் உயிரியல் பிரிவு. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி அவனுக்கு என்னைவிடக் கூட. நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இருக்கிறேன். அவன் காசு கட்டித் தனியார் நிறுவனம் ஒன்றில் படிக்கிறான். கொழும்பு மாவட்டக் கணக்கில் அவனுடைய புள்ளி போதவில்லை.

"உன்ட கம்பஸ ஒரு நாள் முழுக்கப் பாக்கணும் மச்சான்" என்றான். பார்க்க என்ன இருக்கிறது? காலையில் டவுனில் பஸ் ஏறினால் ஏறாவூர், செங்கலடி தாண்டும்வரை நின்றுகொண்டே வர வேண்டும். கேட்டில் அடையாள அட்டை. எட்டு மணி விரிவுரை. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் கென்டீனில் வரிசை. பிறகு பின்னேரம்வரை பிரெக்டிகல், இரவில் அதற்கு ரிப்போட். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த எல்லாவற்றையும் இங்கே ஆங்கிலத்தில் மறுபடி படிக்க வேண்டும். முதலாம் வருடத்தில் பாதிப் பேர் விரிவுரையாளர் சொல்வதை விளங்காமல் எழுதி, விளங்கினவனின் கொப்பியைப் போட்டோ எடுத்துத்தான் தப்புகிறோம்.

நான் விரிவுரையில் இருந்தபோது அவன் கென்டீனில் பிளேன்டீயோடு இருந்து எங்கள் பட்ச்காரர்களைப் பிடித்துக் கதைத்திருக்கிறான். யாழ்ப்பாணம், மலையகம், தென்பகுதிச் சிங்களப் பெடியன்கள் என்று எல்லாரோடும். அதில் ஒருவன் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரன். "உங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து இங்க எத்தின பேர்?" என்று இவன் கேட்க, "எங்கட பள்ளிக்கூடத்தில சயன்ஸே இல்லையே" என்றானாம். உண்மைதான். ஏ.எல். விஞ்ஞானம் 1ஏபி என்று தரம் பிரித்த பாடசாலைகளில்தான் உண்டு. அவன் டவுனில் மாமி வீட்டில் தங்கிப் படித்து வந்தவன்.

எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் மாவட்டம் பார்க்காமல் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாவட்டம் என்று வந்துவிட்டால், டவுனில் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாலு டியூஷன் இருந்த நானும், மழைக்காலத்தில் வயல் வெள்ளம் பாதையை மூடினால் பள்ளிக்கூடமே போக முடியாத பிள்ளையும் ஒரே கணக்கு. வாவிக்கு அந்தப் பக்கம் பின்தங்கியிருப்பதன் பெயரால் வருகிற இடத்தை வாவிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கொழும்புப் பிள்ளைக்கு அநியாயம் என்று நண்பன் வாதாடுவான் என்று பார்த்தேன். அவன் அதைப் பேசவே இல்லை. கொழும்பிலும் இதே கதைதான், பெரிய கல்லூரிக்காரனும் தோட்டப்புறப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளி என்றான். அதுவும் சரிதான்.

கோட்டாவைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே தூக்கச் சொல்லவில்லை, மாவட்டத்துக்கும் கீழே, வலயம்வரை கொண்டுபோகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. எந்த வலயத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்தப் பீடத்துக்குப் போனார்கள் என்று ஒவ்வொரு வருடமும் தனித்தனியாக வெளியிட்டாலே பாதி உண்மை வெளியில் வரும். அதற்குப் பிறகு படுவான்கரையில் இருக்கிற மேற்கு வலயத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் டவுனுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு வராமல் பார்க்க வேண்டும். இது கோட்டாவைவிடக் கஷ்டமான வேலை, தெரியும்.

கமெண்டில் "அப்ப நீ உன்ட இடத்தை விட்டுக் குடு" என்று எழுதப்போகிறவர்களுக்கு: நான் விட்டால் அந்த இடம் படுவான்கரைக்குப் போகாது, பட்டியலில் எனக்கு அடுத்த டவுன்காரனுக்குத்தான் போகும்.