ஒரே காப்பி போதும், ஒழுங்காகப் பேசினால்

இருவர் பேசிக்கொண்டே சேர்ந்து ஆடும் வீடியோ கேம் என்றால், இருவருக்கும் தனித்தனி கம்ப்யூட்டர், தனித்தனி கேம் வேண்டும் என்பார்கள். ‘வீ வேர் ஹியர்’ போன்ற புதிர் கேம்களுக்கு அது சரி. ஆனால் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் கேமான ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ (2015) வாங்க ஒருவர் போதும். செயலிழக்கச் செய்யும் வழிகள் உள்ள 23 பக்க மேனுவல் இலவசம். அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டால், கொருக்குப்பேட்டையில் ஒருவர் திரையில் வெடிகுண்டைப் பார்க்க, ராயபுரத்திலிருந்து மற்றவர் போனிலேயே வழி சொல்லலாம்.

“மச்சி, செவப்பு ஒயர் இருக்குடா” என்று ஆரம்பித்தால் நேரம்தான் போகும். முதலில் எத்தனை ஒயர், பிறகு மேலிருந்து கீழாக நிறம். மூன்று ஒயரில் சிவப்பே இல்லையென்றால் இரண்டாவதை வெட்டணும். நான்கில் சிவப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால், வெடிகுண்டின் சீரியல் நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். சீரியல் நம்பர், பேட்டரி எண்ணிக்கை இரண்டையும் எடுத்தவுடனே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெடிகுண்டிலுள்ள குறியீட்டு பட்டனில் “நட்சத்திரம்” என்று மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே நிரம்பியதும் உண்டு, வெறும் கோடும் உண்டு. ஒவ்வொரு தப்புக்கும் டைமர் வேகமெடுக்கும்.

திரையில் வரும் ‘யூ ஆர்’, ‘யுவர்’ மாதிரி ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களை எழுத்தெழுத்தாகத்தான் சொல்லணும். அதுவும் ரயில் ஹாரன் அடங்கிய பிறகு!