குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு எந்தக் காவல் நாய்?

காவலுக்கு நாய் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் முதலில் வருகிற பெயர் ராட்வைலர், அடுத்தது டாபர்மேன். வீட்டைப் பார்த்தால் இரண்டு படுக்கையறை, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிற கணவன் மனைவி. இந்த வீட்டுக்கு ராட்வைலர் வேண்டாம். அந்த இனம் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோ வரும். அது கயிற்றை இழுத்தால் பிடித்து நிறுத்தக்கூடிய ஆள் பகலில் அந்த வீட்டில் கிடையாது.

குடும்பத்துக்கு வேண்டிய காவல் என்பது குரல்தான். புது ஆள் காம்பவுண்டை நெருங்கும்போதே குரைத்துச் சொல்ல வேண்டும், வீட்டார் வந்து "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். கடித்துப் பிடிக்கிற வேலை போலீஸ் நாய்க்கு உரியது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் தினமும் கூடவே இருப்பார். வீட்டு நாய் கடிக்க ஆரம்பித்தால் மாட்டுவது சிலிண்டர் போட வருகிறவரும், பால்காரரும், பந்தை எடுக்க உள்ளே வந்த பக்கத்து வீட்டுப் பையனும்தான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. வளர்ப்பு நாயைக் கட்டுக்குள் வைக்கத் தவறி மனித உயிருக்கு ஆபத்து வரவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையின் முகத்தில் விழுகிற தழும்புக்கு முன்னால் அந்த அபராதம் ஒன்றுமே இல்லை.

அதனால் இனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். தினமும் காலை மாலை நாயை நடத்திக்கொண்டு போகப்போவது யார்? அந்த ஆளின் எடையில் பாதிக்கு மேல் நாயின் எடை இருக்கக் கூடாது. இது என் கணக்கு, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 55 கிலோ இருக்கிற அம்மா நடத்தப்போகிறார் என்றால் 27 கிலோவுக்குள் நிற்கிற நாய்தான் அந்த வீட்டுக்குச் சரி.

நம் ஊர் இனங்களில் காவலுக்கென்றே பெயர் எடுத்தது தேனி மாவட்டத்துக் கோம்பை. செம்பழுப்பு உடம்பு, கறுத்த வாய், ராட்வைலரைவிட எவ்வளவோ சின்ன உருவம், வெயிலைத் தாங்கும் உடல். வீட்டு ஆள் யார், வெளி ஆள் யார் என்பதில் கறாராக இருக்கும். அந்தக் கறார்தான் அதன் பலம், அதன் சிக்கலும் அதுவே. விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டே இருக்கிற வீட்டில், குட்டிப் பருவத்திலேயே மனிதர்களைப் பழக்காமல் விட்டால் கோம்பையை அடக்குவது கஷ்டம். தோட்ட வீடு, தனி வீடு, வீட்டில் எப்போதும் ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்றால் என் முதல் தேர்வு கோம்பைதான்.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வகை. கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்கள். வீட்டுக்குள் அமைதியாக இருக்கும், வளர்த்தவரிடம் உயிராக இருக்கும். ஆனால் தெருவில் கயிறு நழுவி எதிரே ஒரு பூனையோ கோழியோ ஓடினால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. ஒட்டிய வயிறும் தெரிகிற விலா எலும்பும் இவற்றின் இயல்பு. "எலும்பும் தோலுமா இருக்கே" என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு சோற்றைத் திணிக்காதீர்கள். ஏதாவது அறுவை சிகிச்சை என்றால் இது வேட்டை நாய் இனம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகளில் இவை தெளிய அதிக நேரமாகும்.

ராஜபாளையத்தை எல்லோருக்கும் தெரியும். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. நல்ல காவல் நாய், கம்பீரம், வீட்டாரிடம் பாசம். அதுவும் அடிப்படையில் வேட்டை நாய்தான், ஓட இடம் வேண்டும். நாலடிச் சுவரை அநாயாசமாகத் தாண்டும். ஆறடி இருந்தால்தான் நிம்மதி. இந்த இனத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது காது. முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் பரம்பரைக் கோளாறு இதில் உண்டு. விற்பவர் கையைத் தட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். குட்டி கையசைவைப் பார்த்துத் திரும்பும், தரையதிர்வை உணர்ந்து திரும்பும், பக்கத்துக் குட்டி திரும்புவதைப் பார்த்தும் திரும்பும். குட்டியைத் தனியாகப் பிரித்து வைத்து, அது தூங்கும்வரை காத்திருங்கள். பின்பக்கமாக நான்கைந்து அடி தள்ளி நின்று, காற்றுப் படாமல், ஒரு சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்குங்கள். காது கேட்கிற குட்டியின் காது மடல் முதலில் அசையும், பிறகுதான் கண் திறக்கும். இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அப்படிப்பட்ட நாய் வீட்டில் நன்றாகவே வாழ்ந்துவிடும், ஆனால் குட்டி போட வைக்கக் கூடாது. இரண்டு காதும் கேட்காத நாய் தூக்கத்தில் பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

வெளிநாட்டு இனங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு புத்திசாலி, சொன்னது கேட்கும். ஆனால் இரட்டை அடுக்கு முடி, நம் ஏப்ரல் மே வெயில், இடுப்பு மூட்டுக் கோளாறு மூன்றையும் யோசித்து வாங்குங்கள். பின்பக்கம் சரிந்து, பதுங்கி நடக்கிற மாதிரி இருக்கும் பெற்றோரின் குட்டியை வாங்க வேண்டாம். டாபர்மேனுக்கு முடி குறைவு, வெயில் பிரச்சினை குறைவு. இதயத் தசை பலவீனம் அந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது, தனியாக விட்டால் ஏங்கிப்போகும். லாப்ரடார் குரைக்கும், வந்தவரை வாலாட்டி வரவேற்கவும் செய்யும். பிள்ளைகளோடு பழக அதைப்போல் நாய் அபூர்வம், காவலை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பிட்புல், டோகோ அர்ஜென்டினோ போன்ற முரட்டு இனங்களைப் பற்றி: 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை கோரி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் எப்படிப் போனாலும் குடும்ப வீட்டுக்கு இவை தேவையில்லை. எந்த இனமானாலும் உங்கள் மாநகராட்சியில் அதற்கு உரிமம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பலருக்கும் நான் சிபாரிசு செய்வது தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியை. 15 முதல் 20 கிலோ, வெயில் தாங்கும், காது கூர்மை, இரவில் இலை அசைந்தாலும் எழுந்து நிற்கும். அந்த வீட்டு அம்மாவே கயிற்றைப் பிடித்து நடத்தலாம். காசு கொடுத்து வாங்கினால்தான் காவல் காக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் நாய் என்றால் பெட்டைக் குட்டியை எடுங்கள், கருத்தடை செய்துவிடுங்கள். ஆண் நாயைவிடச் சுலபமாகப் பழகும்.

எந்தக் குட்டியானாலும் 8 வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். 30 நாளில் தூக்கிக் கொடுக்கிறார்கள், வாங்குகிறவர்களும் "சின்னதா வந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்கிறார்கள். பல்லை எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான். அந்தப் பாடம் விட்டுப்போன குட்டி, உங்கள் பிள்ளையின் கையில் கற்றுக்கொள்ளப் பார்க்கும். தாயை நேரில் பாருங்கள். நீங்கள் உள்ளே போனதும் மூலையில் ஒடுங்குகிற தாய், அல்லது குரைப்பை நிறுத்தவே முடியாத தாய் என்றால் திரும்பிவிடுங்கள். பரம்பரைச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம். தடுப்பூசி வரிசையோ 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போகும்; வெறிநாய்த் தடுப்பூசி 3 மாதத்தில். "ஊசி முடியட்டும், வெளியே விட வேண்டாம்" என்று வீட்டுக்குள்ளேயே வைத்தால் அந்தப் பருவம் போய்விடும். தரையில் விட்டால் பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் தொற்றும். வழி இருக்கிறது: கையில் தூக்கிக்கொண்டு போங்கள். பஸ் சத்தம், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், ஓடுகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் உங்கள் இடுப்பில் இருந்தபடி பார்க்கட்டும். வீட்டில் முன்பு பார்வோவில் நாய் செத்திருந்தால், அந்த மண்ணில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி வரிசை முடிந்த நாயை மட்டும் அங்கே கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டில் அடிக்கடி நடக்கிற தவறு, பெரிய இனக் குட்டிக்குப் பால் சோறும் தயிர் சோறும் மட்டும் போட்டு, கால் வளைந்ததும் கால்சியம் டானிக்கை ஊற்றுவது. கால்சியம் அதிகமானாலும் எலும்பு கெடும். பெரிய இனக் குட்டிக்கான தீவனம், அல்லது டாக்டர் சொன்ன அளவில் முட்டை, இறைச்சி, சோறு, காய். வளர்ந்த 30 கிலோ நாய்க்குத் தீவனம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கிராம், மாதம் 12 கிலோ. அந்தச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இனத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல நெஞ்சு ஆழமான இனங்களைச் சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள், வயிறு உப்பித் திருகிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து, இரவில் அவிழ்த்துவிட்டால் நல்ல காவல் என்பது ஊர் நம்பிக்கை. கட்டிய நாய்க்கு விலகிப் போக வழி இல்லை, அதனால் எல்லோரையும் பயத்தோடு பார்க்கும், கடைசியில் பிள்ளையையும் அப்படியே பார்க்கும். நாளெல்லாம் கட்டிவைத்து நடக்கவே விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கட்டுக்குள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காம்பவுண்டின் ஒரு பக்கத்தைக் கம்பிவலை போட்டு அடைத்து, நிழலும் தண்ணீரும் வைத்து அங்கே விடுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், எவ்வளவு சாதுவான நாயானாலும் இருவரையும் தனியாக விடாதீர்கள். நாய் சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். தட்டைக் காக்க வேண்டும் என்று நாமே அதற்குக் கற்றுக்கொடுப்பதாகிவிடும். பக்கத்தில் போகும்போது ஒரு துண்டு முட்டையைத் தட்டில் கூடுதலாகப் போடுங்கள், ஆள் வந்தால் லாபம் என்று அதற்குப் பதியும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் வேண்டாம். விருந்தாளி வந்தால் நாய் கயிற்றில் இருக்கட்டும், வந்தவர் அதைப் பார்க்காமல் உட்காரட்டும், நாய் தானாக மோந்து பார்த்த பிறகு பேசலாம். வெளி கேட்டுக்கு உள்ளே, அஞ்சாறு அடி தள்ளி, இடுப்பளவுக்கு இன்னொரு கம்பிக் கதவு போட்டுவிடுங்கள். சிலிண்டர்காரர் கேட்டைத் திறந்தாலும் நாய் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று குரைக்கும்.