"ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களுக்கு

நாயோடு நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் வாழ்நாளில் நூறு முறையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "பயப்படாதீங்க, ஒன்றும் செய்யாது." இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஐம்பது அறுபது அடி தள்ளி, வெறுங்கயிற்றைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு நின்றிருப்பார். அவருடைய நாய் அதற்குள் நம் முழங்காலை எட்டியிருக்கும்.

என்னிடம் இருப்பவள் செவலை. அவளுக்கு இப்போது எட்டு வயதிருக்கலாம். வளர்ந்த நாயாகத்தான் வீட்டுக்கு வந்தாள் என்பதால் அதற்கு முந்தைய வாழ்க்கையில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. எதிரே நேராக ஓடிவரும் நாயைக் கண்டால் அவளுடைய உடல் முழுவதும் இறுகிப்போகும் என்பது மட்டும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், இளம் நாய் ஒன்று கட்டின்றி எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தபோது, தொலைவிலிருந்து அதே வாக்கியம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "பரவாயில்லைங்க" என்றேன். செவலை முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு மூக்கை நக்கினாள், பிறகு என் கால்களுக்குப் பின்னால் போய் நின்றாள், கயிறு முழுவதும் தீர்ந்து ஒதுங்க இடமில்லாமல் போனபோது பல்லைக் காட்டி ஒரு முறை பாய்ந்தாள். கடி படவில்லை. வந்து சேர்ந்த உரிமையாளர், "உங்க நாய்தான் கொஞ்சம் மோசம் போலிருக்கு" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மன்னிப்புதான் இன்றும் என்னை உறுத்துகிறது. பத்து விநாடிகளாக அவள் தனக்குத் தெரிந்த மொழியில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ முன்பின் தெரியாத ஒருவரின் மனம் கோணக்கூடாதே என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்றும் செய்யாது" என்பவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருடைய நாய் உண்மையிலேயே கடிக்காததாக இருக்கலாம். ஆனால் அந்த உறுதிமொழி அவருடைய நாய்க்கு மட்டுமே செல்லும். எதிரே நிற்பது அண்மையில் அறுவை சிகிச்சை முடிந்த நாயா, மூட்டுவலியுள்ள கிழநாயா, கண் தெரியாததா, முன்பொரு முறை கடிபட்டதா என்று அவருக்கு எதுவும் தெரியாது. கயிற்றின் மறுமுனையில் இருக்கும் மனிதர் நாய்களைக் கண்டாலே நடுங்குபவரா என்பதும் தெரியாது. ஒரு சந்திப்பு நடக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அதை வேண்டாம் என்று நினைக்கும் தரப்புக்குத்தான் உண்டு என்பது என் உறுதியான கருத்து. விரும்புகிறவர் கேட்க வேண்டும். விரும்பாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

கட்டப்பட்ட நாய்க்கும் கட்டில்லாத நாய்க்கும் இடையிலான சந்திப்பு ஏன் இத்தனை எளிதாகக் கெட்டுப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு நாய்கள் எவ்விதத் தடையுமின்றித் தாமாகச் சந்திக்கும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தால் போதும். பழக்க வழக்கம் தெரிந்த நாய் நேர்கோட்டில் வராது. சற்று வளைந்து, பக்கவாட்டாக வந்து, இடையிடையே தரையை முகர்ந்து, கண்ணுக்குக் கண் பார்ப்பதைத் தவிர்க்கும். தலையைத் திருப்புவது, மூக்கை நக்குவது, கொட்டாவி விடுவது போன்ற சிறு அசைவுகளைச் சமாதானக் குறிப்புகள் என்று தொகுத்துக் காட்டிப் பரவலாக்கியவர் நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ். தலை தெறிக்க நேரே ஓடிவரும் இளம் நாய் இந்த நாகரிகத்தில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிப்பதில்லை. கயிற்றில் இருக்கும் நாயாலோ வளைந்து போகவும் முடியாது, விலகி ஓடவும் முடியாது. போதாக்குறைக்கு, பதற்றத்தில் நாம் கயிற்றை இறுக்குகிறோம். கழுத்து மேலே இழுபட, நாய் நெஞ்சை நிமிர்த்திச் சண்டைக்கு நிற்பது போன்ற தோற்றம் பெறுகிறது. எதிரில் வருவது அதை அறைகூவலாக எடுத்துக்கொண்டால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

"வாலாட்டிக்கிட்டுத்தானே வருது" என்ற வாதமும் அடிக்கடி வரும். வாலாட்டுவது மகிழ்ச்சியின் அடையாளம் என்பது பாதி உண்மை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாய்கள் தம் உரிமையாளரைப் பார்க்கும்போது வால் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடியது; அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் சாய்ந்து ஆடியது. இரண்டுமே வாலாட்டல்தான். பாய்ந்து வரும் நாயின் வாலில் இடம் வலம் பிரித்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. உடல் தளர்ந்து நெளிந்து வருகிறதா, விறைத்து வருகிறதா, வால் உயரத் தூக்கி வேகமாகத் துடிக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறேன். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை உருவாக்கியவர் நடைப்பயிற்சிக்குப் போனவராக இருக்க முடியாது. குரைத்தபின் கடித்தவையும் உண்டு, குரைக்காமலே கடித்தவையும் உண்டு.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் வேலை, கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தூரத்தைப் பார்த்து நடப்பது. எதிரே கட்டில்லாத நாய் தெரிந்தால், அது எங்களைப் பார்ப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறேன். வந்த வழியே திரும்புவதில் எனக்கு இப்போது எந்த வெட்கமும் இல்லை. செவலைக்கு "திரும்பு" என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயே விளையாட்டாகப் பழக்கி, ஒவ்வொரு முறையும் தின்பண்டம் தந்து, பதற்றமான நேரத்திலும் உடல் தானாகத் திரும்பும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். திரும்ப இடமில்லையென்றால் நிறுத்தியிருக்கும் வண்டிக்கோ மரத்துக்கோ மறுபுறம் போய்விடுகிறோம், ஏனென்றால் பல நாய்களுக்குப் பார்வை அறுந்தாலே ஆர்வமும் பாதி குறைந்துவிடுகிறது. அதற்கும் வழியில்லாதபோது செவலையை என் பின்னால் நிறுத்தி, நான் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டி, தாழ்ந்த உறுதியான குரலில் "நில்" என்று ஒரே முறை சொல்கிறேன். மனிதரிடம் வளர்ந்த நாய்களில் கணிசமானவை அந்தக் கணத்தில் தயங்கி நிற்கின்றன. அந்தத் தயக்கத்திற்குள், இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும் பிஸ்கட் துண்டுகளில் ஒரு கைப்பிடியை அதன் முகத்துக்கு முன்னால் தரையில் சிதறவிடுகிறேன். ஒரே துண்டாகப் போட்டால் விழுங்கிவிட்டு வந்துவிடும். பொடித்துச் சிதறினால் தேடிப் பொறுக்கச் சற்று நேரம் பிடிக்கும், நாங்கள் நடந்துவிடலாம். அடுத்தவர் நாய்க்கு உணவு போடுவது சரியா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஒவ்வாமை ஏதும் இருந்தால், அதைப் பற்றி என்னிடம் பேசும் தூரத்தில் அதன் உரிமையாளர் இருந்திருக்க வேண்டும்.

மழையில்லாத நாளிலும் மடக்குக் குடையொன்றை எடுத்துச் செல்கிறேன். வரும் நாயின் திசையில் சட்டென்று விரித்தால் அதுவே ஒரு சுவராகிவிடுகிறது. ஆனால் நம் நாயை முதலில் அந்தச் சத்தத்துக்குப் பழக்காவிட்டால் அதுதான் முதலில் மிரளும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. சிறிய நாயைத் தூக்கிக்கொள்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். சில நேரம் வேறு வழியும் இருக்காது. ஆனால் தூக்கிய நாயைப் பிடிக்க மற்றது நம்மேல் தாவும் என்பதை எதிர்பார்த்தே தூக்க வேண்டும். ஓடவே கூடாது. சண்டை மூண்டுவிட்டால் இரண்டு வாய்களுக்கு நடுவே கையை நுழைக்கவும் கூடாது. சொந்த நாயிடமே கடி வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

நாய்களைச் சமாளிப்பதைவிட மனிதர்களிடம் பேசுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "என் நாய் கொஞ்சம் பயப்படும், முன்பு என்ன நடந்ததென்று தெரியவில்லை, மன்னிக்கணும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நாய் வந்து சேர்ந்துவிடும். விளக்கம் சொல்வதை உரையாடலுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். "பழகினால்தானே பயம் போகும்" என்று பாடம் எடுக்கவும் தொடங்கிவிடுவார்கள். குட்டிகள் உலகத்தோடு எளிதில் பழகும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரை மட்டுமே. அதைக் கடந்த, பயந்த நாயைப் பயப்படும் பொருளுக்கு நடுவில் தள்ளுவது பயத்தை வளர்க்கத்தான் செய்யும். அது தாங்கக்கூடிய தொலைவில் நிறுத்தி, எதிர்ப்படும் ஒவ்வொன்றோடும் நல்லதொன்றை இணைத்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஓடிவரும் ஒரு நாய் ஒரே நிமிடத்தில் அந்த மாதங்களைத் துடைத்துவிடும். இதையெல்லாம் நடுவழியில் நின்று யாருக்கு விளக்குவது? ஆகையால் இப்போது என் வாக்கியம், "நாயைப் பிடியுங்கள், கட்டுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. தூரத்திலேயே, உரத்த குரலில், சிரிக்காமல் சொல்கிறேன். ஒரு குறுக்குவழியையும் ஒப்புக்கொள்கிறேன்: "என் நாய்க்கு உடம்பு சரியில்லை, ஒட்டிக்கொள்ளும்" என்றால் ஓடிவந்து நாயைப் பிடிக்காதவரை நான் பார்த்ததில்லை. "என் நாய் பயப்படுகிறது" என்ற உண்மைக்கு அசையாதவர்கள் இந்தப் பொய்க்கு அசைகிறார்கள்.

கேட்காமல் தொட வருபவர்கள் இன்னொரு வகை. "எனக்கு நாய் என்றால் உயிர்" என்று சொல்லிக்கொண்டே தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவருவார்கள். குனிந்த உடம்பு, தலைக்கு மேல் வரும் கை, நேரே பார்க்கும் கண்கள்: நாய் பயப்படும் மூன்றும் அந்த அன்பில் சேர்ந்திருக்கின்றன. குழந்தைகள் இவர்களைவிட எவ்வளவோ மேல். "தொடலாமா?" என்று கேட்கிறார்கள், "இன்று வேண்டாம் கண்ணா" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் மறுப்பு அவமானமாகத் தெரிகிறது. அவர்களுக்கும் செவலைக்கும் நடுவில் என் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, "தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்விடுகிறேன். நின்றால் பேச்சு வளரும். முகம் சுளிப்பார்கள்தான், சுளித்த முகம் மாலைக்குள் சரியாகிவிடும், கடிபட்ட கை அப்படியல்ல.

உரிமையாளர் யாரும் இல்லாத நாய்களின் கதை வேறு. அவை நம்மோடு விளையாட வருவதில்லை. தம் இடத்தின் எல்லையைக் காக்க வருகின்றன. கண்ணைப் பார்க்காமல், முதுகை முழுவதும் காட்டாமல், மெல்ல அந்த எல்லையைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவை அங்கேயே நின்று குரைப்பதோடு விட்டுவிடுகின்றன. கல்லை எடுப்பதுபோல் குனிந்தாலே பல பின்வாங்கும். உண்மையிலேயே எறிந்தால், அடுத்த நாள் அதே வழியில் நம்மை நினைவில் வைத்துக் காத்திருக்கும்.

மீறிக் கடி பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடக் கூடாது. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். "அது எங்கள் நாய்தான், ஊசி போட்டிருக்கிறோம்" என்ற வாய்மொழியை மட்டும் நம்பி யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள். அதுவும் "ஒன்றும் செய்யாது" என்ற வாக்கியத்தின் உடன்பிறப்புதான்.

இத்தனை கடுமையாக எழுதும் நானும் ஒரு காலத்தில் தொலைவில் நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னவன்தான். செவலைக்கு முன்பு என்னிடம் இருந்த நாய் எல்லோரிடமும் ஓடும். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரு நாள் அது ஒரு பெண்மணியிடம் ஓடியது. அவர் கத்தவில்லை, ஓடவில்லை, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் போய் நாயைப் பிடித்த பிறகும் சற்று நேரம் கண்ணைத் திறக்கவில்லை. நான் சொன்ன "ஒன்றும் செய்யாதுங்க" அவருக்குக் கேட்டிருக்குமா என்றே தெரியவில்லை. அதன்பின் நான் நாயைக் கட்டி நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை; உண்மையில் மேலும் ஓராண்டு அவிழ்த்தேதான் விட்டிருந்தேன்.

நெருங்க வேண்டாம் என்பதற்கு அடையாளமாக நாயின் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டும் வழக்கம் 2012 வாக்கில் சுவீடனிலும் கனடாவிலும் இயக்கமாகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நல்ல எண்ணம்தான், நானும் கட்டிப் பார்த்தேன். அதன் பொருள் தெரிந்தவர்கள் எப்படியும் தம் நாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள், "ரிப்பன் அழகா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே தொட வந்தார்கள்.

எங்கள் காலை நடையில் எதிர்ப்படும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் பெரிய நாய் ஒன்று இருக்கிறது. எங்களைக் கண்டதும் அவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு மாறி, கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நாயைப் பார்த்தால் மட்டும் செவலை இறுகுவதில்லை. நின்று பார்த்துவிட்டு, பிஸ்கட்டுக்காக என் பக்கம் திரும்புகிறாள்.