வெளிச்சம் வேறு, மேகம் வேறு

சூரியப் புயல் பற்றிய இந்தக் கட்டுரை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் 'சூரியனில் வெடித்தால் இரண்டு நாளில் பூமியைத் தாக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது உறுத்துகிறது. வெடிப்பின் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்துவிடும், பகலாக இருக்கும் பக்கத்தில் சிற்றலை ரேடியோ அப்போதே படுத்துவிடும். அப்புறம் வேகமான புரோட்டான்கள் (மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்), சில சமயம் அரை மணி நேரத்துக்குள். சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகம்தான், அதாவது மின்னூட்டமுள்ள வாயு மேகம்தான், பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஆற அமர வரும் (நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருவதை ஆற அமர என்று சொல்லலாமென்றால்).

விண்வெளி வீரருக்குப் பெரிய பயம் அந்த நடுவில் வரும் புரோட்டான்தான். 1972 ஏப்ரலில் நிலவிலிருந்து அப்போலோ 16 திரும்பியது, டிசம்பரில் அப்போலோ 17 கிளம்பியது, இடையில் ஆகஸ்டில் அடித்தது பெரிய புயல். அந்த நேரம் நிலவில் வெறும் விண்வெளி உடையோடு யாராவது நின்றிருந்தால்? திட்டமிட்டுத் தப்பிக்கவில்லை, சுத்த அதிர்ஷ்டம்.

செவ்வாயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! அங்கே பூமியைப் போல முழுக் கோளையும் மூடும் காந்தப்புலம் கிடையாது, காற்றும் மெல்லியது. 2024 மே 20 அன்று புயல் துகள்கள் மோதியதில் கியூரியாசிட்டி ரோவரின் கேமராப் படங்களில் பனி தூவியதுபோல் வெள்ளைப் புள்ளியும் கீற்றுமாகத் தெரிந்தது.

சரி, பெரிய புயல் வந்தால்தான் சிக்கல் என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் வந்தது சாதாரணப் புயல்தான். மேல் வளிமண்டலம் சூடேறி உப்பியதில், புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை காற்றின் இழுவை தாங்காமல் கீழே வந்து எரிந்தே போயின.