கணக்கெழுதுபவருக்கும் காசு ஒதுக்குங்கள்

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உழைக்கும் சிறு அமைப்புகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தேவை என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் இலங்கையில் தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சி, வவுனியாவில் குடியேறிய மலையகத் தோட்ட மக்களின் ஊர்களில் இந்த அமைப்புகளின் குறை வேறிடத்தில். திட்டக் காசு கூரைத்தகட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் வரும். கணக்கெழுதும் பிள்ளைக்குச் சம்பளம் வராது. பற்றுச்சீட்டுகள் பையில் கிடக்கும், கணக்காய்வு பிந்தும், அடுத்த நிதி நின்றுவிடும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் இதே கதிதான். மாதமொருமுறை காசேட்டை வங்கிக்கூற்றோடு ஒப்பிடச் சிறு சங்கத்துக்கு அரைநாள் காணும். அந்த அரைநாளுக்குக் கூலி கொடுங்கள்.

இன்னொன்று, ஒருவரும் வாய்திறக்காதது: காசோலையில் ஒப்பமிடும் இருவரும் காணியுள்ள குடும்பத்தவர் என்றால் பயனாளிப் பட்டியல் யார் பக்கம் சாயும்? ஒரு ஒப்பமாவது காணியற்ற வீட்டுப் பெண்ணுடையதாக இருக்கட்டும். பட்டியலை வாசிகசாலைச் சுவரில் ஒட்டி, முறைப்பாட்டுக்கு 2 கிழமை விட்ட பிறகுதான் காசு விடுவிக்கவேணும்.